மருத்துவம் மட்டும்தான் மருத்துவமா?



தமிழ்ப்பள்ளியில் நான் கற்பித்த மாணவி ஒருத்தி எசு.டி.பி.எம். தேர்வு எழுதி, நல்ல மதிப்பெண்களோடு என்னைக் காண வந்தாள். அவள் விரும்பியது பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு. அவளுடைய தந்தையோ, வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டிற்கு அனுப்பி அவளை மருத்துவராக்கிப் பார்க்க வேண்டும் என்றிருந்தார். அந்த வீடு, அவர் இருபது ஆண்டுகள் லாரி ஓட்டிச் சேர்த்த ஒரே சொத்து.

அவர் அழைத்ததன் பேரில் ஒரு மாலையில் அவர்கள் இல்லம் சென்றேன். "கைகால் பிடித்துவிடும் வேலைக்கு நாலு வருசப் படிப்பா ஐயா?" என்று கேட்டார். நான் விடை சொல்லுமுன் மகள் முந்திக்கொண்டாள். "பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது டாக்டர் அறுவை செய்தார். அதன்பிறகு பாட்டியை நடக்க வைத்தது யாருப்பா?" ஊன்றுவண்டியைப் பிடித்தபடி அடுப்பங்கரை வாசலில் நின்ற பாட்டி தலையசைத்தார். தந்தை வெகுநேரம் பேசவில்லை. "சரி, மனுவைப் போடு" என்று இறுதியில் சொன்னார்.

இப்படிப்பை நாடுவோர் நான்காம் படிவத்திலேயே விழிப்பாக இருத்தல் வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துப் படிப்பதே பாதுகாப்பான வழியாகும். எசு.பி.எம். முடித்த பின்னர், ஓராண்டு மெட்ரிகுலேசன் வழியாகவோ, மூன்று பருவங்கள் கொண்ட எசு.டி.பி.எம். வழியாகவோ செல்லலாம். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. இணையத்தளத்தின்வழி விண்ணப்பிக்க வேண்டும். அங்குத் தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியவை. சீருடை இயக்கமும் விளையாட்டும் வீண் என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்வார்களாக.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம், கெடாவிலுள்ள எய்ம்சுட் பல்கலைக்கழகம் முதலியவை இயன்மருத்துவப் பட்டக்கல்வியை வழங்கி வந்துள்ளன. எங்குச் சேர்வதாயினும், அப்படிப்பு மலேசியத் தகுதி முகைமையின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பார்த்திடுக. ஏனெனில், 2016ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 சூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. இயன்மருத்துவர் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றே தொழில் புரிய வேண்டும். அங்கீகாரமற்ற படிப்பில் காசைக் கொட்டினால், கடனே மிஞ்சும்.

என் மாணவியை நேர்காணலுக்கு அழைத்தார்கள். செல்லுமுன், அருகிலிருந்த முதியோர் இல்லமொன்றில் விடுமுறை நாள்களில் தொண்டு செய்து, பயிற்சி அளிப்பவரை உடனிருந்து கவனித்தாள். "மருத்துவம் கிடைக்காததால் வந்தீரா?" என்று நேர்காணலில் வினவினராம். "இல்லை, மருத்துவம் முடிந்த இடத்தில் தொடங்கும் வேலை வேண்டும் என்று வந்தேன்" என்றாளாம். இடம் கிடைத்தது.

முதற்பருவம் எளிதாக இல்லை. எலும்புகள் 206, தசைகள் 600க்கும் மேல். அத்தனையும் இலத்தீன், கிரேக்கப் பெயர்கள். ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்று கழுத்தில் ஒரு தசை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி பதம் பிரித்தேன். ஸ்டெர்னோ மார்பெலும்பு, கிளைடோ காறையெலும்பு, மாஸ்டாய்டு காதின் பின்னுள்ள எலும்பு முனை. அந்தத் தசை எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!" என்றாள். தமிழ்ப்பள்ளியில் பயின்ற சொற்பிரிப்பு உடற்கூற்றியல் வகுப்பில் கைகொடுத்தது கண்டு நெஞ்சம் நிறைந்தது.

பெற்றோரே, பிள்ளை மருத்துவராக வேண்டும் என்னும் ஆசையில் தவறில்லை. ஆனால், அந்த ஆசை பிள்ளையுடையதா, நம்முடையதா என்று வீட்டை அடகு வைக்குமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களே, தொழில் வழிகாட்டி நேரத்தில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்ற மூன்று சொற்களோடு நிறுத்திவிடாதீர்கள். இயன்மருத்துவம், பேச்சுப் பயிற்சி மருத்துவம், செவிப்புலனியல் என்று இன்னும் பல கதவுகள் உள்ளன. நாம் பெயரைச் சொன்னால்தான் பிள்ளைகள் அவற்றைத் தட்டுவார்கள்.