பத்து ஆம்பியர் நியாயம்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குப் போகும் தக்காளியும் முருங்கையும் பெரும்பாலும் இருட்டில்தான் பயணம் செய்கின்றன. பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, விடிவதற்குள் பாலக்காட்டுப் பக்கம் போய் நிற்க வேண்டும். பெரிய லாரிகளுக்கு நடுவே இந்த வேலையைச் செய்பவை பிக்கப் வண்டிகள்: பொலிரோ, தோஸ்த், ‘குட்டியானை’ என்று ஊரே பெயர் வைத்துவிட்ட டாடா ஏஸ். இருட்டில் ஓடும் வண்டிக்கு விளக்கு போனால் பிழைப்பு போன மாதிரி. அதனால்தான் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சாலைகளில் பஞ்சர் கடையும் பேட்டரி கடையும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அப்படி ஒரு கடையில், லோடு ஏற்றிய வண்டிகள் வந்து நிற்கும் சாயங்கால வேளைகளில், ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கடை என்றால் தகரக் கூரை, ஒரு மரப்பலகை, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் வயர் சுருள்கள். உள்ளே பழைய டைனமோக்களும் செல்ஃப் மோட்டார்களும் குவிந்து கிடக்கின்றன. உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல். டிரைவர்களுக்கு அவர் ‘அண்ணே’. கூட இரண்டு பேர்: ஐ.டி.ஐ. முடித்த அவருடைய தங்கை மகன், வேலை கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன். நான் ஃபியூஸைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றதும் அண்ணன் சிரித்தார். “சார், ஃபியூஸ் மாத்துறது ஒரு வேலையா? அதை டிரைவரே மாத்திருவான். ஏன் போச்சுன்னு பாக்குறதுதான் வேலை.”

பலகையின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் முழுக்க எரிந்துபோன ஃபியூஸ்கள். ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். பையனுக்குப் பாடம் நடத்த என்றார். டப்பாவைக் கவிழ்த்துச் சிலவற்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு தகட்டுக் கால்கள், நடுவே நிறப் பிளாஸ்டிக், அதற்குள் வளைந்த மெல்லிய துத்தநாகக் கம்பி. ‘பிளேடு ஃபியூஸ்’ எனப்படும் இந்த வடிவத்தை அமெரிக்காவின் லிட்டெல்ஃபியூஸ் நிறுவனம் 1976இல் கொண்டுவந்தது. அதற்கு முன் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள் இருந்தன. அம்பாசிடர் காலத்து மிச்சமாக அண்ணனின் டப்பாவிலும் ஒன்றிரண்டு கிடந்தன. பிளேடு ஃபியூஸ் செய்த பெரிய நன்மை அதன் நிறம். 5 ஆம்பியர் மங்கிய பழுப்பு, ஏழரை அடர்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. படிக்கத் தெரியாத டிரைவரும் இருட்டில் டார்ச் அடித்துச் சிவப்புக்குச் சிவப்பைப் போட்டுவிடலாம்.

“இதைப் பாருங்க,” என்று ஒன்றைக் காட்டினார். உள்ளே கம்பி முழுக்க ஆவியாகி, பிளாஸ்டிக்கின் உட்புறம் கண்ணாடியில் புகை படிந்ததுபோல் கறுத்திருந்தது. அது நேரடி ஷார்ட். எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டிருக்கிறது. அடுத்ததில் கறுப்பே இல்லை. கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தது. அது ஓவர்லோடு, தாங்கும் அளவைவிடக் கொஞ்சம் அதிகமான கரண்ட் மெதுவாக உருக்கியிருக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. கம்பி அறவே அறவில்லை. ஆனால் ஒரு காலைச் சுற்றிய பிளாஸ்டிக் மட்டும் இளகி வழிந்திருந்தது. “இது ஃபியூஸ் போனதில்ல. பாக்ஸ்ல பிடிமானம் லூஸு. தண்ணி பட்டு பச்சைக் களிம்பு ஏறிரும். அப்ப அந்த இடத்துல சூடு கிளம்பும். இதுக்கு நூறு புது ஃபியூஸ் போட்டாலும் நிக்காது. பாக்ஸ்ல இருக்குற டெர்மினலைத்தான் மாத்தணும்.”

செத்துப்போன மூன்று ஃபியூஸ்களுக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள். டிரைவர் பார்வையில் மூன்றும் ஒன்றுதான்: லைட் எரியவில்லை.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று டிரைவர்களைக் கேட்டுப் பார்த்தேன். பல்பை என்றார்கள், ஹாரனை என்றார்கள், ஒருவர் பேட்டரியை என்றார். அண்ணன் தலையாட்டினார். “வயரை, சார்.” பல்பு போனால் வேறு பல்பு போடலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டுக்கட்டாக ஓடும் வயரிங் கிட் வெந்தால் வண்டியே வேகும். வயர் எத்தனை ஆம்பியர் தாங்குமோ, அதற்குள் அறுந்துபோக வேண்டும் என்றே ஃபியூஸின் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. வயரில் பிறக்கும் சூடு கரண்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 10 ஆம்பியர் சிவப்பு இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைச் செருகுகிறவர், அந்த ஒல்லி வயரை ஒன்பது மடங்கு சூட்டுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம்.

ஃபியூஸ் உடனே போய்விடும் என்று நினைப்பதும் சரியில்லை. அளவுக்கு மேல் பத்து சதவீதம் கூடினால், தரமான பிளேடு ஃபியூஸ் குறைந்தது 100 மணி நேரமாவது தாங்கவேண்டும் என்பது விதி. 35 சதவீதம் கூடினால் 10 நிமிடத்துக்குள் அறவேண்டும். இரண்டு மடங்கானால் 5 விநாடிக்குள், மூன்றரை மடங்கானால் அரை விநாடிக்குள். அதனால் நிரந்தரமாக ஓடும் கரண்ட் ஃபியூஸ் அளவில் முக்கால் பங்குக்குள் இருக்கும்படிதான் வண்டியை வடிவமைக்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நம் ஆசைதான். ஹெட்லைட்டில் கம்பெனி கொடுப்பது 60/55 வாட் பல்பு. பிரைட் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ராத்திரி ஓட்டத்துக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று 100/90 வாட் பல்பு மாட்டுகிறார்கள். இப்போது 200 வாட், கிட்டத்தட்ட 17 ஆம்பியர். 15 ஆம்பியர் நீலம் அதைக் கொஞ்ச நாள் பொறுக்கும், பிறகு போகும். மாற்றினால் மறுபடியும் போகும். நடுவழியில் டிரைவர் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுவார், அல்லது வயரை உரித்துச் செம்புக் கம்பியைச் சுற்றுவார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே போகாது. கடையின் மூலையில் அப்படி வந்து சேர்ந்த ஒரு வயரிங் கிட் கிடந்தது. நிறம் தெரியாமல் எல்லா வயரும் ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் நொறுங்கும் கரியாகியிருந்தது.

நான் இருந்த வேளையில் தக்காளிப் பெட்டிகளோடு ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்லைட், பார்க்கிங் லைட், மீட்டர் வெளிச்சம் மூன்றும் இல்லை. மூன்றுக்கும் ஒரே ஃபியூஸ், சிவப்பு 10. “அண்ணே, வர்ற வழியிலயே ரெண்டு தடவை போட்டுட்டேன். போட்டா எரியுது, கொஞ்ச தூரத்துல போயிருது. நீங்க ஒரு இருபதைப் போட்டு விட்ருங்க, நான் கெளம்புறேன்,” என்றார் டிரைவர். வயது முப்பதுக்குள். அவசரம் முகத்தில் தெரிந்தது.

அண்ணன் வண்டியைத் தொடவில்லை; கேள்விதான் கேட்டார். சுவிட்ச் போட்டதும் போகுதா, ஓடும்போதா? ஓடும்போது. காலி வண்டியிலா, லோடிலா? யோசித்துவிட்டு, லோடில்தான் என்றார் டிரைவர். மேடு பள்ளத்திலா? ஸ்பீடு பிரேக்கர் தாண்டும்போது. சமீபத்தில் என்ன வேலை செய்தது? பத்து நாளுக்கு முன் பாடியில் வெல்டிங். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதி வேலை முடிந்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது.

பையன் ஒரு கருவியைக் கொண்டுவந்தான். கடையிலேயே செய்தது. எரிந்துபோன ஃபியூஸின் இரண்டு காலிலும் வயரைப் பற்றவைத்து, அதன் நுனியில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. ஃபியூஸ் இருந்த இடத்தில் இதைச் செருகினால், ஷார்ட் இருந்தாலும் வயருக்கு ஆபத்தில்லை; பல்பு தன் வழியே 2 ஆம்பியருக்கு மேல் விடாது. ஷார்ட் இல்லாதபோது வண்டியின் விளக்குகளோடு வோல்ட்டேஜ் பகிர்ந்துபோவதால் பல்பு மங்கலாக எரியும். ஷார்ட் ஆனால் முழு வெளிச்சம். இதற்கு மீட்டரும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். பளிச்சென்று எரிந்தால் அங்கே தேடு.

லைட் சுவிட்சைப் போட்டார்கள். பல்பு மங்கலாக இருந்தது. பையன் பின்பக்கம் ஏறி, பெட்டிகளுக்கு இடையே நின்று குதித்தான். பல்பு ஒரு கணம் பளீரென்று அடித்து மறுபடி மங்கியது. பின்லைட் சாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொன்னார் அண்ணன். அப்போதும் அடித்தது. ஆக லைட்டில் குற்றமில்லை, அதற்கு முன்னால் வயர் ஓடும் பாதையில்தான். தங்கை மகன் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சேஸிஸை ஒட்டி வயர்க்கட்டைக் கையால் நெருடிக்கொண்டே போனார். பின்சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டைக்கு அருகில் கை நின்றது. வெல்டிங் வேலைக்காக வயரைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியிருக்கிறார்கள்; திரும்ப மாட்டவில்லை. தொங்கிய வயர் இரும்பு விளிம்பில் உரசி, ஒரு நகக்கண் அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. லோடில் வண்டி இறங்கும்போது, பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் செம்பு இரும்பைத் தொடும்.

பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, காயம்பட்ட இடத்தை வெட்டி, முறுக்கி ஈயம் வைத்து, குழாய் போட்டு மூடி, விளிம்பில் ரப்பர் வைத்து, வயர்க்கட்டை மேலே இழுத்துக் கட்டினார்கள். அதன் பிறகுதான் அண்ணன் புதுச் சிவப்பு ஃபியூஸ் ஒன்றை எடுத்தார். சாவியை அணைத்து, பாக்ஸ் மூடியின் உட்புறம் இருந்த படத்தில் இடம் பார்த்து, பிளாஸ்டிக் கிடுக்கியால் நேராகச் செருகினார். அந்த வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பையன் டெஸ்ட் லைட்டின் கிளிப்பை இரும்பில் மாட்டி, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொட்டுப் பார்த்தான். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் கோளாறு ஃபியூஸுக்கு முன்னாலேயே இருக்கிறது. இரண்டிலும் எரிந்தது.

தகராறு அதற்குப் பிறகுதான். கூலியைச் சொன்னதும் டிரைவர் முகம் மாறியது. “என்னண்ணே, ஒரு ஃபியூஸுக்கு இவ்வளவா? கடையில பத்து ரூபாய்க்கு விக்குது.” அண்ணன் கோபப்படவில்லை. “பத்து ரூபா குடுத்துட்டு அதை மட்டும் வாங்கிட்டுப் போ தம்பி. போட்டது எத்தனை ஸ்பீடு பிரேக்கர் தாங்கும்னு நீயே எண்ணிக்க.” பேரம் நடந்தது. கடைசியில் சொன்னதில் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டார். வண்டி போன பிறகு என்னிடம் சொன்னார்: “இருபதைப் போட்டு விட்டிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. அவனும் சந்தோஷமா போயிருப்பான். என்னைக்காவது வண்டி வெந்திருந்தா என் பேர் சொல்லவும் மாட்டான்.”

இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கிறது. டைனமோவில் ஆர்மேச்சர் மாற்றினால் பழைய பொருளைக் கையில் கொடுத்துக் காசு கேட்கலாம். ஷார்ட் தேடினால் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தேடிய நேரம் பில்லில் எந்த வரியிலும் வராது. கேட்கத் தெரிந்த கேள்விகளுக்கு விலை போட யாரும் பழகவில்லை. அதனால் பல கடைகளில் தேடுவதையே விட்டுவிட்டார்கள். பெரிய ஃபியூஸ் போட்டு அனுப்புவது எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

புதிய வண்டிகள் இதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் அதிகம். சென்சார் வயர்கள் பல 5 வோல்ட்டில் வேலை செய்கின்றன. அங்கே பழைய பல்பு டெஸ்ட் லைட்டை வைத்தால் அது இழுக்கும் கரண்ட்டே பெட்டியைக் கெடுத்துவிடலாம். தங்கை மகன் அதற்கு மல்டிமீட்டர்தான் பயன்படுத்துகிறார். ராத்திரி நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று வந்த இன்னொரு வண்டியில் அவர் ஒரு ஃபியூஸைக்கூடப் பிடுங்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்த்தார். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம்; ஓடுவதில் மட்டும் சின்னதாக ஒரு எண் வரும். பிடுங்கிச் செருகினால் தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு கணக்கைக் கலைத்துவிடும் என்று விளக்கினார். எண் காட்டியது பாட்டுப் பெட்டியின் ஃபியூஸ். அண்ணன் எட்டிப் பார்த்து, “இது எனக்கு வராது, அவனுக்கு வரும்,” என்றார். அந்தக் குரலில் வருத்தம் இல்லை. கருவிதான் மாறியிருக்கிறது, வண்டியைத் தொடும் முன் யோசிக்கும் பழக்கம் மாமனிடமிருந்து வந்ததுதான்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டில் நிறத்துக்கு இரண்டாக ஃபியூஸும் ஒரு கிடுக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போனால் சாவியை அணைத்துவிட்டு அதே நிறத்தில் ஒன்று போடுங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும். இரண்டாம் முறையும் போனால் எப்போது போனது, லோடிலா காலியிலா, என்ன வேலை பார்த்த பிறகு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவர் கேட்கும் கூலியை ஃபியூஸின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள்.