தக்காளிப் பேப்பர்

தக்காளி ஏத்துற அன்னைக்கு எங்க தோட்டத்துல பழைய பேப்பருக்கு அவ்வளவு கிராக்கி. பெட்டிக்குள்ள விரிச்சாத்தான் பழம் அடிபடாது. அப்படி தக்காளி கட்டுற காகிதத்தை உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிச்ச ஒரு ஊர் இருந்திருக்கு.

கெர்ன்சி. பிரான்ஸ் கரையோரம் கிடக்கிற சின்னத் தீவு, பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டது. கண்ணாடிக் குடிலுக்குள்ள தக்காளி விளைவிச்சு, கப்பல்ல இங்கிலாந்துக்கு அனுப்பிப் பிழைச்ச ஊர். 1940 ஜூன் 28, துறைமுகத்துல வரிசையா நின்ன தக்காளி லாரிகள் மேல ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. ராணுவ வண்டின்னு நினைச்சுட்டாங்களாம். 30 பேருக்கு மேல செத்துப்போனாங்க. ரெண்டே நாள்ல தீவு ஜெர்மானியர் கையில். அடுத்த ஐந்து வருஷம் அப்படியேதான்.

1942-இல் ரேடியோக்களையும் பறிமுதல் செய்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கும் தணிக்கை. சார்லஸ் மேச்சன் என்ற அச்சகத் தொழிலாளி சும்மா இருக்கவில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து, ஒளித்துவைத்த ரேடியோவில் பிபிசி கேட்டு, செய்தியைத் தட்டச்சு செய்தார். தாளுக்கு எங்கே போவது? தக்காளி கட்டுற காகிதம்தான். ஒரே ஒரு பக்கம். ஒருத்தர் படிச்சுட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்.

எனக்கு அந்தக் கொடுக்கிற இடத்துலதான் மனசு நின்னுபோச்சு. படிக்கிறதைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சுடலாம். தாளை இன்னொருத்தர் கையில கொடுக்கும்போது, கூடவே நம்ம கழுத்தையும் கொடுக்கிறோம். பசியோட கிடந்த ஊர்ல, யாரை நம்பலாம்னு தெரிஞ்சு வச்சிருந்ததுதான் அந்தத் தாளை வீடு வீடா நடக்க வச்சது.

1944-இல் ஒருவன் காட்டிக்கொடுத்தான். ஐந்து பேரை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். மேச்சனும் இன்னொருவரும் அங்கேயே இறந்துபோனார்கள். தாள் நின்றுபோனது. ஆனால் பரணிலும் சுவரிலும் ஒளித்த ரேடியோக்கள் நிற்கவில்லை. சேதி காதோடு காதாகப் போய்க்கொண்டேதான் இருந்தது. 1945 மே 9 அன்று தீவுக்கு விடுதலை.

நேத்து லோடு ஏத்திட்டு வரப்புல உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தேன். ஒரு தட்டு தட்டினா இருநூறு பேருக்குச் செய்தி போகுது. மாட்டினா ஜெயில்னு இருந்தா எத்தனை பேருக்கு அனுப்புவேன்?

விரல் விட்டு எண்ணினேன். நாலு பேர் தேறினாங்க.