மியூசியம் மலைக்கு வந்த நாள்

அப்பத்தாவின் சுருக்குப்பையில் கொட்டைப்பாக்கு, புகையிலைக் காம்போடு ஒரு அம்மன் காசும் கிடக்கும். சமஸ்தானக் காலத்துக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. அதே காசைத் திருக்கோகர்ணத்து மியூசியத்தில் கண்ணாடிக்குள் பார்த்தபோது, அப்பத்தாவிடமிருந்து இதை யார் வாங்கிப் போனார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. 1910-இல் தொடங்கிய பழைய மியூசியம் அது. பாச்சை உருண்டை வாசமும் பாடம் பண்ணிய பறவைகளின் கண்ணாடிக் கண்ணும் சேர்ந்து, உள்ளே போனாலே எனக்குக் குரல் தானாகத் தணிந்துவிடும்.

அந்த மியூசியத்தில் வேலை பார்த்த சார் ஒருவர்தான் கோடை லீவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சித்தன்னவாசலுக்குக் கிளம்பினார். தோளில் ஜோல்னாப்பை, காலில் டயர் செருப்பு. டவுன் பஸ்ஸில் எங்கள் தூக்குவாளிகளிலிருந்து புளிச்சோறும் துவையலும் மணக்க, பக்கத்துச் சீட்டு ஆச்சிக்கும் எட்டு மணிக்கே பசி கிளம்பிவிட்டது.

இறங்கியதும் நேராக மலைக்குக் கூட்டிப்போவார் என்று பார்த்தால், பொட்டலில் நடக்க விட்டார். செம்மண் சூடு ஏறுமுன் காரைப்புதர், இலந்தை, பூ உதிர்த்த நுணா என்று ஒவ்வொன்றிடமும் நின்றோம். முள்ளில் கை கிழியக் காரைப்பழம் பறித்துத் தின்றபடி, வட்டமாகக் கிடந்த கற்களுக்குள் நான் கால் வைத்தேன். “தம்பி, நீ நிக்கிறது ஒருத்தரப் பொதச்ச எடம்” என்றார் சார். துள்ளி வெளியே வந்தேன். அவர் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஒரு பானை ஓட்டைக் காட்டினார்: உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பக்கமும் கறுத்துவிடும், மற்றது சிவக்கும் என்று சொல்லி, எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அதை எடுத்த குழியிலேயே, எடுத்த வாக்கிலேயே திரும்ப வைத்தார். “எடம் மாறிட்டா இது வெறும் ஓடு. எங்க கெடந்துச்சுங்கறதுதான் பாதிக் கதை.”

பிறகு மலையில் இருக்கும் அறிவர் கோயிலுக்குள் போனதும் வெயில் கழன்று விழுந்தது. கருவறைக்குள் சார் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகினார். பாறை முழுக்க அந்த ஒலி எழும்பி எங்கள் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஆளுக்கொரு தடவை முனகி முடிக்கவே நேரம் போயிற்று. வெளியே மண்டபத்து விதானத்தில் பாண்டியர் காலத்துத் தாமரைக்குளம்; செங்காவியும் பச்சையும் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் தெரிந்தார்கள். எனக்கு அதில் எருமைதான் பிடித்தது. எங்கள் கம்மாயில் எருமை இறங்கும்போது எப்படி நிற்கும் என்று தினமும் பார்க்கிறவன் நான். 1100 வருஷத்துக்கு முன்னால் இதை வரைந்தவரும் ஏதோ ஒரு கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே மேடு. தொட்டால் வழவழவென்று குளிர்ந்தது. பெரிய படுக்கையின் பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்த இருக்கை என்று சார் விரல் தொடாமல் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்திய மனுஷருக்கும் சொந்த ஊர் இன்னதென்று பொறித்து வைத்திருந்தது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மயில் அகவ, பாறை நிழலில் புளிச்சோறு தின்றோம்.

ராத்திரி அப்பத்தாவிடம் கறுப்பு சிவப்புப் பானை, கல்வட்டம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பாக்கை இடித்தபடி, “அந்தப் பானையா? நம்ம கொல்லையில கெணறு வெட்டயில வந்துச்சே. பேய்ப்பானைன்னு ஒங்க அய்யா மூடிப்புட்டாரு” என்றார். விடிந்ததும் கொல்லைக்கு ஓடினேன். கிணற்று மேட்டில் மண் அரித்த இடத்தில் உள்ளே கறுத்து வெளியே சிவந்த ஓடுகள். நான் ஒன்றையும் எடுக்கவில்லை, மியூசியத்துக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன், “கெடந்த எடத்துலயே இருக்கு சார்.”

சனிக்கிழமை அவரே வந்தார். அப்பத்தா மோர் கொடுத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடிக்குக் கூட்டிப்போய், “வடமேக்கு மூலை சார், இங்கனதான்” என்று காட்ட, அவர் நோட்டைத் திறந்து எங்கள் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டார்.