சோம்பல் என்று நாங்கள் எண்ணியது



எங்கள் மதரஸாவில் குர்ஆன் மனனம் செய்துவந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் ஸுஜூதிலிருந்து எழத் தாமதித்தான். பாடத்தின் நடுவே அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் ஒளு செய்யவும் அனுமதி கேட்டான். முதுகு வலிக்கிறது என்றான். நாங்கள் அதைச் சோம்பல் என எண்ணிக் கண்டித்தோம்.

ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுப்பியபோது அவனால் கால்களை அசைக்க இயலவில்லை.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், தொடை இடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாய் செலுத்தி எடுத்த ஆஞ்சியோகிராமும் காரணத்தைக் காட்டின. தமனியின் இரத்தம் நுண்குழாய்களில் வேகம் தணிந்தே சிரைகளைச் சேர வேண்டும். அவனது தண்டுவடத்தில் ஓரிடத்தில் நுண்குழாய்கள் இன்றித் தமனியும் சிரையும் நேரடியாகப் பிணைந்திருந்தன. அழுத்தம் தாங்காமல் இரத்தம் கசிந்திருந்தது. குழாய் வழியே பசை போன்ற மருந்தைச் செலுத்தி அப்பிணைப்பை அடைத்தார்கள். ஆயினும், பழுதுற்ற நரம்பு முழுமையாக மீளும் என்று மருத்துவர்கள் உறுதி கூறவில்லை.

நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சட்டத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாங்கள், அச்சலுகைக்குரியவன் முதல் வரிசையில் இருந்தும் அறியவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "எனக்கே தெரியாதே, உஸ்தாத்" என்றான். இன்று நாற்காலியில் அமர்ந்து தொழுகிறான்; விட்ட இடத்திலிருந்து மனனத்தைத் தொடர்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளையின் நடை தளர்ந்தால், கால் மரத்தால், சிறுநீர்க் கட்டுப்பாடு குலைந்தால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவர்கள் வலிக்கிறது என்றால் முதலில் நம்புவோம்.