பத்து சென்ட் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் பேருந்து கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மேலே எஸ்டேட் லயத்தில் நாற்பது வருடம் வாழ்ந்த அந்தத் தமிழ்த் தொழிலாளி, ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டுக் கல்லாற்றில் வாடகைக்கு இருக்கிறார். தேர்தல் வந்தால் அவர் வீட்டில் சண்டை நிச்சயம்.

"ரெண்டு முன்னணியும் ஒண்ணுதாம்ப்பா. நான் நோட்டாதான்" என்கிறான் மகன். "அரைக் கிணறு தாண்டுறவனுக்கு எதுக்கு ஓட்டு?"

அப்பா பக்கத்து வீட்டைக் காட்டுகிறார். அந்த வீட்டுக்காரரின் தந்தை அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலி. இன்று அந்தப் பத்து சென்ட் குடும்பத்தின் சொத்து.

அது வந்த வழி நேரானதல்ல. 1957இல் ஈ.எம்.எஸ். அரசில் வருவாய் அமைச்சராக இருந்த கௌரியம்மா நிலச் சீர்திருத்த மசோதா கொண்டுவந்தார். 1959 ஜூலையில் ஆட்சியே கலைக்கப்பட்டது. 1969இல் ஈ.எம்.எஸ்.ஸின் இரண்டாவது அரசு நிறைவேற்றிய திருத்தத்தை 1970 ஜனவரி 1 முதல் அமலாக்கியது, காங்கிரஸ் ஆதரவோடு முதல்வரான இந்தியக் கம்யூனிஸ்ட் அச்சுத மேனனின் அரசு. 1959இல் கலைப்புக்காகத் தெருவில் இறங்கிய அதே காங்கிரஸ்! மார்க்சிஸ்டுகளுக்கு அது துரோகம். ஆனால் குத்தகைதாரர்களுக்கு நிலம் கிடைத்தது. கிராமத்துக் குடிசைவாசிக்குப் பத்து சென்ட் வரை உரிமை வந்தது.

"நமக்கு?" என்று கேட்கிறான் மகன். நியாயமான கேள்வி. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயத்தில் பிறந்தவனுக்கு லயம் சொந்தமில்லை. ஆனால் 1957 அரசின் மசோதாவிலேயே தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது என்பது மகனுக்கு ருசிக்காத தகவல்.

இதைவிடக் கசப்பானது ஆதிவாசிகளின் கதை. கைமாறிப்போன நிலத்தை மீட்டுத்தரும் சட்டம் 1975இல் வந்தது. அதற்கு விதிகள் எழுத 1986 ஆயிற்று. 1996இல் அதை நீர்த்துப்போகச் செய்ய இரு முன்னணிகளும் கைகோத்தபோது சட்டமன்றத்தில் எதிர்த்தவர் கௌரியம்மா ஒருவர்தான். காரணம் எளிது. குடியேறிய விவசாயிகள் இரு அணிக்கும் வாக்கு வங்கி; ஆதிவாசிகள் எண்ணிக்கையில் சொற்பம். பத்து சென்ட் வாங்கியவர்களும் வரிசையை விட்டுப் போய்விட்டார்கள். படிப்படியான மாற்றத்தில் அடிக்கடி நடப்பது இதுதான்: முதல் படியில் ஏறியவர்களுக்கு அடுத்த படி தேவைப்படுவதில்லை.

விலகி நின்றவர்களுக்கும் வழி சுலபமாக இல்லை. 2001இல் சி.கே. ஜானுவின் தலைமையில் ஆதிவாசிகள் தலைமைச் செயலகத்தின் முன் 48 நாள் குடில் கட்டி உட்கார்ந்து, அந்தோணி அரசிடம் வாக்குறுதி பெற்றார்கள். 2003இல் முத்தங்காவில் துப்பாக்கிச் சூடு. 2016இல் ஜானுவே தேசிய ஜனநாயகக் கூட்டணி வேட்பாளராகி சுல்தான் பத்தேரியில் தோற்றார்.

பிரசாரத்துக்கு வந்த பையன் நோட்டீஸை நீட்டுகிறான். கிழவர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கிறார்.

"லயத்துக்காரனுக்கு நிலம்னு இதுல எங்கப்பா இருக்கு?"

"கமிட்டியில சொல்றேன் அண்ணாச்சி."

"சொல்லு. ஓட்டு உனக்குத்தான். ஜெயிச்ச மறுநாள் ஆபீஸுக்கு வந்து கேப்பேன். இவனையும் கூட்டிட்டு வருவேன்."

மகன் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.