தாண்டிப்போன 23 நிமிடங்கள்

கல்லூரியில் படித்தபோது, அமெரிக்க புரோகிரசிவ் ராக் குழுவான ‘டிரீம் தியேட்டர்’ 1995இல் வெளியிட்ட ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ குறுந்தட்டை வாங்கினேன். லண்டனின் ரோனி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் அவர்கள் நேரடியாக வாசித்த எல்டன் ஜான், டீப் பர்ப்பிள், லெட் செப்லின் பாடல்கள்தான் எனக்கு உயிர். முதலில் வரும் 23 நிமிடப் பாடலை எப்போதும் தாண்டிவிடுவேன்.

“இது வீடா, பட்டறையா? சத்தத்தைக் குறைடா!” என்று சமையலறையிலிருந்து அம்மா அதட்டுவார்.

அந்த நீளப் பாடல் 1989இலேயே உருவானது. 1992 ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. ரசிகர்கள் விடாமல் கேட்டதால்தான் பிறகு பதிவானது. வரிகளை எழுதியவர் டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னோய். விமான விபத்தில் தாயைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் பாட்டின் அடித்தளம். அம்மா தவறிய பிறகுதான் இதையெல்லாம் படித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குத் தனியாகக் காரில் திரும்பினேன். பழைய குறுந்தட்டைப் போட்டேன். அன்றுதான் முதல் பாடலைத் தாண்டவில்லை. முடிவதற்குள் தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

சத்தம் அதிகமாகத்தான் இருந்தது. குறைக்கச் சொல்ல ஆளில்லை. நானே குறைத்தேன்.