ஜண்டை வரிசையில் ஒரு விரல்

நிலாவெளியில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர்தான் சொன்னார்: "குச்சவெளிக் கடற்கரையில ஒருத்தர் பொடியன்களுக்கு நாதஸ்வரம் பழக்குறார். ஒருக்கா வந்து பாருங்கோ." திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிப் போனோம். வாடிகளும் வள்ளங்களும் நிற்கிற கரை. முஸ்லிம்களும் தமிழர்களும் கடலை நம்பி வாழ்கிற ஊர்.

கடற்கரையில் பழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கொத்லாந்தில் பேக்பைப் பழகுகிறவர்களுக்குப் பையே இல்லாத, தணிந்த சத்தமுள்ள சிறு குழல் ஒன்று உண்டு. விரல் படியும்வரை வீட்டுக்குள் இருந்தே அதில் பழகலாம். நாதஸ்வரத்துக்கு அப்படியொரு பயிற்சிக் குழல் கிடையாது. முதல் நாளிலிருந்தே தெரு முழுக்கக் கேட்கும்.

மாயாமாளவகௌளையில் ஜண்டை வரிசை நடந்துகொண்டிருந்தது. ஸஸ ரிரி கக மம. பன்னிரண்டு வயதிருக்கும் பையன் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் வெட்டி வெட்டி ஊதினான்.

"நாக்க எடு தம்பி. விரலால பிரி."

"எப்பிடி மாஸ்டர்?"

"சுடுசட்டியத் தொட்ட மாதிரி. தொட்டிட்டு எடு."

பாடம் இவ்வளவுதான். முதல் ரி நேராக வரும். இரண்டாவது ரி, கீழே இருக்கிற ஸ-வைக் கணநேரம் உரசிவிட்டு எழவேண்டும். ரி-க்காகத் திறந்த துளையில் அந்த விரல் ஒரு தட்டுத் தட்டி விலகுகிறது, மூச்சு நிற்பதில்லை. ஸ்புரிதம் என்று இலக்கணம் சொல்லும் கமகம் இதுதான். தட்டு நீண்டால் ஸ தனியாகக் கேட்டுவிடும். குறைந்தால் இரண்டு ரி-யும் ஒட்டி ஒரு நீளமான ரி ஆகிவிடும். பேக்பைப்பில் பையின் காற்று இடைவிடாமல் வருவதால், ஒரே ஸ்வரத்தை இருமுறை வாசிக்க விரலைத் தவிர வேறு வழியே இல்லை. ஒரு விரலைத் தூக்கி மேல் ஸ்வரத்தையோ, தட்டிக் கீழ் ஸ்வரத்தையோ மின்னவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். நாதஸ்வரக்காரருக்கு நாக்கு இருக்கிறது. சுலபமான அந்த வழியில் பழகிய பிள்ளை பிறகு ராக ஆலாபனைக்கு வரும்போது துண்டு துண்டாகத்தான் ஊதும் என்கிறார் மாஸ்டர். அதனால் ஜண்டை முடியும்வரை அவரிடம் நாக்குக்குத் தடை.

அவர் மேளக்காரக் குடும்பத்தவர் அல்லர். மீன்பிடிக்கிறவரின் மகன். 1990 இல் சண்டை மூண்டபோது சிறுவனாக வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்து, பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வித்துவான் வீட்டில் எடுபிடியாக நின்று பழகியிருக்கிறார். வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பு நீண்ட காலம் வாயால் பாடத்தான் வைத்தாராம் குரு. திருவரங்கத்தில் வாழ்ந்த நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானாவின் பதிவுகள் மாஸ்டரின் கைத்தொலைபேசி நிறைய இருக்கின்றன. பக்கத்து வாடியில் வலை பொத்துகிற முஸ்லிம் பெரியவர் ஒருவர், "மௌலானாட தோடியப் போடுங்க" என்று கேட்டு வாங்கிக் கேட்கிறார்.

வாத்தியம், மாஸ்டர் ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தது. ஆச்சா மரம், நரசிங்கம்பேட்டை வேலை. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஊர் ரங்கநாதன் ஆசாரிதான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி நாதஸ்வரத்தைச் சுத்த மத்திமம் பேசும்படி செய்து கொடுத்தவர். மரம் பல வருடம் தாங்கும்; சீவாளி தாங்காது. காவிரி, கொள்ளிடக் கரைக் கொறுக்கையை வெட்டிப் பதப்படுத்திக் கட்டுகிற அந்தச் சின்ன நாக்கு அங்கிருந்துதான் வரவேண்டும். இந்தியாவுக்குப் போய்வருகிற யாருடைய பெட்டியிலாவது வந்தால் உண்டு. டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு சீவாளியை மூன்று பொடியன்கள் கழுவிக் கழுவி ஊதியிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுக்கலாம். கலியாண மண்டபக் கணக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மண்டபம், சாப்பாடு, சோடனை, வீடியோ, மேளம் எல்லாவற்றையும் ஒரே பொதியாக ஒருவர் பேசி முடிக்கிறார். பெண் வீட்டார் மேளத்துக்கென்று கொடுத்த தொகை எவ்வளவு என்று ஊதினவருக்குத் தெரியாது. ஊதினவர் கைக்கு எவ்வளவு போனது என்று பெண் வீட்டாருக்கும் தெரியாது. இந்த இருட்டில்தான் தரகர் பிழைக்கிறார். சோடனைப் பூவுக்குப் பேரம் பேசாதவர், தாலி கட்டும் நேரத்து வாத்தியத்தில் கைவைக்கிறார். கலியாணம் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: மேளக்காரரை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள், காசை அவர் கையிலேயே கொடுங்கள். கோயில் நிர்வாகங்களும் திருவிழா முடிந்த அன்றே கணக்கை முடிக்கவேண்டும்.

மாஸ்டர் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. "இதுகள் தங்கட கையால சம்பாதிக்க வேணும். அதுக்குத்தான் இந்த விரல்" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "கக-வில இன்னும் நாக்கு வருது. திரும்ப ஊது" என்றார்.